தோலும் பேரும்

பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. அவர்கள் பேர் அதில் இல்லை. அங்கவை, சங்கவை என்பது பிற்கால மரபு. பொன்னமராவதிக்கு மேற்கே இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்று எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சொல்வார்கள்.

2007இல் ‘சிவாஜி’ படம் அந்தப் பேர்களை எடுத்துக்கொண்டது. கறுப்பு மை அப்பிய இரண்டு பெண்கள். பார்த்ததும் நாம் சிரிக்கணும். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பேரோ வடக்கிலிருந்து வந்த சிவந்த ஸ்ரேயாவுக்கு. ‘சும்மா தமாஷுக்குத்தானே?’ என்பார்கள். தமாஷ்தான். ஆனால் தமிழ் விரும்பத்தக்கதாக வேண்டுமென்றால் பேராக மட்டும் இருக்கணும், உடலாக வந்தால் கேலி என்பதே அந்தத் தமாஷின் இலக்கணம். அதே படத்தின் ஒரு பாட்டில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் தோலைக் கணினி வழியே ரஜினிமேல் ஏற்றினார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1995இன் ஜப்பானிய அனிமேஷனான ‘கோஸ்ட் இன் தி ஷெல்’லை ஹாலிவுட் மறுபடி எடுத்தது. நாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சன். கதைப்படி ஜப்பானியப் பெண்ணின் மூளை வெள்ளை உடலுக்குள். இயந்திர உடலுக்கு இனம் ஏது என்ற வாதத்தில் மூல இயக்குநர் மமோரு ஓஷியே இந்தத் தேர்வை ஆதரித்தார். சரி, உடல் எதுவாகவும் இருக்கலாம். எதுவாகவும் இருக்கலாம் என்கிறபோதெல்லாம் அது வெள்ளையாகவே வந்து நிற்பானேன் என்றுதான் நான் கேட்கிறேன்.

அங்கே ஆசிய நடிகைக்கு இடமில்லையா என்று கண்டனம் எழுந்தது. இங்கே கறுப்பைக்கூட மேக்கப் டப்பாவிலிருந்துதான் எடுக்கிறோம். வெளியாள் யாரும் திணிக்கவில்லை; நாமே எடுத்து, நாமே சிரித்த படம்.