உறிஞ்சப்படுகிறதா, தள்ளப்படுகிறதா?

பெட்ரோல் எந்திரத்தைப் பற்றி நம் பாடநூல்களில் படித்ததை நினைவுகூர்ந்து பாருங்கள். நான்கு வீச்சுகள், அவற்றுள் முதலாவது உறிஞ்சு வீச்சு. பிஸ்டன் கீழிறங்க, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் உறிஞ்சப்படுகிறது என்று படித்திருப்பீர்கள்.

படங்கள் தெளிவானவை. வால்வுகள் திறந்து மூடும் வரிசையிலும் பிழையில்லை. ஆயினும் இரண்டு குறைகளைச் சுட்டியாக வேண்டும். ஒன்று, 'உறிஞ்சுதல்' என்ற சொல்லோடு விளக்கம் நின்றுவிடுகிறது. மற்றொன்று, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டருக்குச் செல்லும் குழாய் இணைப்பே இல்லாததுபோல் வரையப்படுகிறது. உண்மை எந்திரத்தில் தொல்லை தொடங்கும் இடங்களுள் ஒன்று அந்த இணைப்பு.

ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் உருவான 'புஷ்பக்' 1958-இல் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரக்கூடிய இவ்விமானத்தில்தான் நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் பலர் பயிற்சி பெற்றனர். 90 குதிரைத் திறன் கொண்ட அதன் காண்டினென்டல் எந்திரத்தில் கார்புரேட்டர் அடிப்பக்கம் இருக்கும். அங்கிருந்து கலவை குழாய்கள் வழியே நான்கு சிலிண்டர்களுக்கும் பிரிந்து செல்லும். குழாய்களை இணைப்பவை சிறு ரப்பர் குழல்களும், அவற்றை இறுக்கும் கிளிப்புகளுமே. வெப்பத்தாலும் அதிர்வாலும் ரப்பர் நாளடைவில் விறைத்து வெடிப்பு விடும்.

இந்த வெடிப்பால் எந்திரம் எப்போது மிகுதியாகத் தடுமாறும்? முழு வேகத்திலா, மெதுவாகச் சுழலும்போதா? என் வகுப்பில் இதைக் கேட்டேன். "முழு வேகத்தில்தான் சார், அப்போதுதானே அதிகமாக உறிஞ்சும்!" என்றார்கள் பலர். குற்றம் அவர்களுடையதன்று, நாம் கற்பித்த சொல்லுடையது.

உறிஞ்சும் விசை என்று தனியே ஒன்றில்லை. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கலவையை உள்ளே தள்ளுகிறது. முடுக்கியை முழுதும் திறந்தால் குழாயினுள் அழுத்தம் ஏறத்தாழ வெளியழுத்தத்துக்குச் சமம். ஆகவே வெடிப்பின் வழியே காற்றுப் புகுவது குறைவு. முடுக்கியை மூடினால் கார்புரேட்டரின் தகடு வழியை அடைத்துக்கொள்கிறது. வெளியே பாதரச அளவில் 760 மில்லிமீட்டர் இருக்க, உள்ளே சுமார் 300 மில்லிமீட்டர்தான். இந்த வேறுபாடு வெளிக்காற்றை வெடிப்பின் வழியே தள்ளுகிறது. கலவையோ அப்போது சிறிதளவே செல்கிறது. எனவே அந்தச் சிலிண்டரில் பெட்ரோலின் விகிதம் குறைந்து எந்திரம் உதறுகிறது. ஓடுபாதையை நோக்கி இறங்கும் மாணவ விமானி முடுக்கியை மூடும் நேரமும் அதுவே!

இன்னொரு சான்று காண்போம். தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி, 2000-ஆம் ஆண்டில் தகுதிச் சான்று பெற்ற 'ஹன்சா-3' விமானத்தில் ரோட்டாக்ஸ் 914 எந்திரம் உள்ளது. அதன் டர்போசார்ஜர் காற்றை அமுக்கி அனுப்புவதால், முழுத் திறனில் குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்தைவிட மிகுதி. அப்போது இணைப்பில் கசிவு இருந்தால் காற்று உள்ளே வராது, வெளியே போகும்! 'உறிஞ்சுதல்' என்னும் சொல் இங்கு என்ன விளக்கம் தரும்?

பழைய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரையும் எந்திரத்தையும் இணைப்பதும் இதுபோன்ற ரப்பர்தான். பசுமலையில் ஒரு பழுதுபார்க்கும் கடையில், நின்ற இடத்தில் உதறிய வண்டியின் ஒலியைக் கேட்டதும், "ஏர் எடுக்குது சார்" என்று மெக்கானிக் அந்த ரப்பரை வளைத்து, வெடிப்பைக் காட்டினார். பாடநூல் சொல்லாததை அவர் கை அறிந்திருந்தது. ஆனால் காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டியது நம் கடமையல்லவா?

விமானத்தில் இவ்வேலை உரிமம் பெற்ற பொறியாளருடையது. அவர் ரப்பரை வளைத்துப் பார்ப்பார். இணைப்பருகே பெட்ரோல் கறை உண்டா என்று தேடுவார். கிளிப்பை அளவோடு இறுக்குவார். மிகையாக இறுக்கினால் கிளிப்பே ரப்பரை வெட்டிவிடும்.

பாடநூல் எழுதுவோரிடம் நாம் வேண்டுவது சிறிதே. படத்தில் அந்த இணைப்பை வரையுங்கள். 'உறிஞ்சப்படுகிறது' என்பதையடுத்து 'அதாவது, வெளிக்காற்றால் தள்ளப்படுகிறது' என ஒரு வரி சேருங்கள். இன்று தேர்வெழுதும் மாணவர்களுள் ஒருவர் நாளை அந்தக் கிளிப்பை இறுக்குபவராக இருக்கலாம்.