பல்லியமும் சமுதாயப் பணியும்
சிமோன் பொலிவார் இசைக்குழு பற்றிய ஒரு மதிப்பீடு

கலை கலைக்காகவே என்பாரும், கலை வாழ்க்கைக்காகவே என்பாரும் நெடுங்காலமாக வாதித்து வந்துளர். இலக்கியத்தை முன்னிறுத்தி எழுந்த இவ்வாதம் இசைக்கும் பொருந்துவதே. பல கருவிகள் ஒருங்குகூடி ஒலிப்பதைப் பண்டைத் தமிழர் பல்லியம் என்றனர். மேல்நாட்டு மரபில் வந்த சிம்பொனிப் பல்லியங்களுள், இவ்விரு நோக்கங்களையும் ஒருசேரத் தன்மேல் ஏற்றுக்கொண்டது வெனிசுவேலா நாட்டின் சிமோன் பொலிவார் பல்லியமாகும். கலையில் அஃது எய்திய வளர்ச்சி யாது, சமுதாயத்துக்கு ஆற்றிய பணி யாது, ஒன்றன் புகழ் மற்றொன்றுக்குச் சான்றாகுமா என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

பொருளியல் அறிஞரும் இசைவாணருமான ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975 ஆம் ஆண்டிற் கராக்கஸ் நகரில் இளைஞர் சிலரைத் திரட்டினார். முதல் ஒத்திகைக்கு வந்தோர் 11 பேரே என்பர்; கூடிய இடம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் கட்டடம். அடுத்த ஆண்டிலேயே அவ்விளைஞர் ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில் நிகழ்ந்த இளைஞர் பல்லிய விழாவில் வாசித்தனர். நாளடைவில் அம்முயற்சி ‘எல் சிஸ்தேமா’ என்னும் பேரியக்கமாக நாடெங்கும் விரிந்தது. அதன் நிலையங்களிற் பிள்ளைகளுக்குக் கருவியும் பயிற்சியும் இலவசமாகக் கிடைத்தன.

இவ்வியக்கத்தின் கற்பித்தல் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஐரோப்பிய வழக்கில் மாணாக்கன் ஆசிரியரிடம் தனியே பயின்று, ஓரளவு தேர்ந்த பின்னரே குழுவில் அமர்வது பெரும்பான்மை. இங்கோ, வில்லைப் பிடிக்கக் கற்றவுடனேயே பிள்ளை குழுவில் அமர்கிறது. மிகச் சிறியோர் காகிதக்கூழாற் செய்த வயலினை ஏந்தி, நிற்கும் நிலையையும் கருவியைப் பேணும் முறையையும் பழகுவர். நம் திண்ணைப் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொன்னமை போல, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வழிகாட்டும். வசதிக் குறைவுக்கு ஈடுகொடுத்த இம்முறையே பின்னர்க் கலைப்பண்பாகவும் மலர்ந்தது. அயலான் வில்லோசையைக் கேட்டே தன் வில்லை இழுக்கும் பழக்கம் இளமையில் வேரூன்றியமையால், இக்குழுவின் தாள ஒருமை தனிச் சிறப்புடையதாயிற்று.

1999 இற் குஸ்தாவோ டுடாமெல் இதன் நெறியாளரானார். 2006 இல் வெளிவந்த பீதோவனின் ஐந்தாம், ஏழாம் சிம்பொனிகளின் ஒலிப்பதிவில் இத்தாள ஒருமை நன்கு புலனாகும். 2007 இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் ஷொஸ்தகோவிச்சின் பத்தாம் சிம்பொனியை வாசித்தபோது, அதன் இரண்டாம் பகுதியின் சீற்றம் அவர் கைக்கு இயல்பாக வாய்த்தது. எனினும், பெருந்தொகை வாத்தியங்களின் முழக்கம் நுண்மையை மறைத்த இடங்களும் உள. 2012 இல் வெளிவந்த பீதோவனின் மூன்றாம் சிம்பொனியிலோ விரைவினும் அமைதி மிகுந்திருக்கக் காண்கிறோம். இளமைத் துடிப்பினின்று முதிர்ச்சியை நோக்கிய இந்நடையே உண்மையான கலைவளர்ச்சி.

இனி, சமுதாயப் பணியை நோக்குவாம். செவிப்புலனற்ற பிள்ளைகள் வெண்கையுறை அணிந்து, இசையைக் கைச்சைகையால் நிகழ்த்தும் ‘வெண்கரப் பாடற்குழு’ இவ்வியக்கத்தின் அரிய படைப்பு. இதனை முன்மாதிரியாகக் கொண்டு ஸ்கொத்லாந்தின் றப்லொக் பகுதியில் 2008 இல் ஒரு முயற்சி தொடங்கியது. அப்பிள்ளைகளோடு பொலிவார் குழுவினர் 2012 இல் திறந்த வெளியில் இசைவிருந்தளித்தனர்.

ஆயினும், ஏழைகளை உயர்த்தியது என்னும் கூற்றைக் கைதட்டலால் நிறுவ முடியாது. இங்கிலாந்து இசையாய்வாளர் ஜெப்ரி பேக்கர் 2014 இல் வெளியிட்ட நூலில், இவ்வியக்கத்தின் அதிகாரப் போக்கைக் கடிந்ததோடு, பயில்வோருட் பலர் நடுத்தர வகுப்பினர் என்றும் வாதித்தார். அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கியின் ஆய்வொன்று 16 நிலையங்களைச் சார்ந்த 2,914 பிள்ளைகளைக் கருத்திற் கொண்டது. தன்னடக்கம் சிறிது வளர்ந்தமையையும், நடத்தைக் குறைகள் சிறிது தணிந்தமையையும் அது கண்டது. அறிவுத்திறனிற் பொதுவான பயன் புலப்படவில்லை. வறியோர் விகிதம் அம்மாநிலங்களில் நூற்றுக்கு 46.5 ஆக, ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகளிடையே 16.7 ஆகவே இருந்தது. எனவே, யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவரிற் பலர் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர் எனல் வேண்டும்.

அரசின் அரவணைப்பும் விலையின்றிக் கிடைப்பதன்று. 2017 மே மாதத்தில், இவ்வியக்கத்திற் பயின்ற 18 வயது வியோலா வாத்திய இளைஞன் ஒருவன் அரசெதிர்ப்பு ஆர்ப்பாட்டத்திற் கொல்லப்பட்டான். டுடாமெல் வெளிப்படையாகக் கண்டனக் குரல் எழுப்பினார். அவர் நெறியாளுகையில் நிகழவிருந்த தேசிய இளைஞர் பல்லியத்தின் அமெரிக்கச் சுற்றுலாவை அவ்வாண்டிலேயே அரசு நிறுத்திவிட்டது.

அப்ரேயு 2018 இல் மறைந்தார். 2021 இற் கராக்கஸில் 8,573 பேர் ஒருங்கமர்ந்து வாசித்து உலகிற் பெரும் பல்லியம் என்னும் பெயர் பெற்றனர். தொகை வியப்புக்குரியதே, ஆயின், அது கலையின் அளவுமன்று, தொண்டின் அளவுமன்று. கலையைச் செவி அளக்கும். தொண்டை ஆராய்ச்சி அளக்கும். ஒன்றன் வெற்றியை மற்றொன்றன் கணக்கில் எழுதுதல் இரண்டிற்கும் கேடாகும். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு வாசித்தல் இக்குழு உலகுக்கு அளித்த உயர்ந்த பாடம். வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் குரலையும் கேட்கும்போதே அப்பாடம் நிறைவுறும். கல்லூரிகளில் இசைக்குழு அமைக்க முற்படுவோர்க்கும் இது பொருந்துவதே.