ஒட்டியது எது, ஒட்டிய கை எது?

1

மலை ஊர்களின் விடுதி வரவேற்பறைகளில் ஒருவகைப் படம் தொங்கும். குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் என்று எங்கே போனாலும் அதன் அண்ணனோ தம்பியோ சுவரில் இருக்கும். நடுவில் கண்மூடிய புத்தர் முகம், இல்லையென்றால் பாதி முகம் மட்டும் தெரிகிற பிள்ளையார். பின்னணியில் கிழித்து ஒட்டிய செய்தித்தாள். அதன்மேல் காவி, நீலம், அங்கங்கே தங்கத்தாள். ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பச்சைப் பலகை. கீழே ஒரு சின்னச் சீட்டு: ‘கேன்வாஸில் கலப்பு ஊடகம்’. கூடவே ஆன்மிகமும் சமகால வாழ்வும் சந்திக்கின்றன என்கிற மாதிரி ஒரு வரி.

இதைக் கேலி பண்ணிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கேள்வி வேறு. தேவையான எல்லாமே அந்தப் படத்தில் இருக்கிறது. சாமி இருக்கிறது, இன்றைய செய்தி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. பிறகு ஏன் அது நம்மை ஒன்றுமே செய்வதில்லை? லிஃப்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் பார்த்துவிட்டு, கதவு திறந்ததும் ஏன் மறந்துபோகிறோம்?

ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளலாம். அந்தச் செய்தித்தாளை மனசுக்குள் உரித்து எடுத்துவிட்டு, வேறொரு நாளின் தாளை ஒட்டிப் பாருங்கள். ஏதாவது மாறுகிறதா? மாறாது. ஏனென்றால் அந்தத் தாளை ஓவியர் படிக்கவில்லை, நாமும் படிக்கப் போவதில்லை. அது ‘சமகாலம்’ என்பதற்கான அடையாள அட்டை. புத்தர் முகம் ‘ஆன்மிகம்’ என்பதற்கான அட்டை. இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு அட்டைகள்தான் இருக்கும், ஓவியம் வராது.

2

கொலாஜ் என்றதும் எல்லோரும் 1912-க்குப் போவார்கள். அந்த ஆண்டு பிக்காசோ நீள்வட்டமான ஒரு சின்ன கேன்வாஸில், நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டினார். சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாக நிஜக் கயிறு. அதே ஆண்டு பிராக், மரத்தின் ரேகைகள் அச்சடித்த சுவர்த்தாளை வெட்டித் தன் படத்தில் ஒட்டினார். இதில் இருந்த குறும்பைக் கவனிக்க வேண்டும். ஒட்டப்பட்டது பிரம்பும் இல்லை, மரமும் இல்லை. பிரம்பு மாதிரியும் மரம் மாதிரியும் தெரிகிற மலிவான அச்சு. எது நிஜம், எது போலி என்ற சந்தேகத்தை அவர்கள் படத்துக்குள்ளேயே உட்கார வைத்தார்கள்.

நமக்கோ ஒட்டுவது அதிர்ச்சியே இல்லை. தஞ்சாவூர் ஓவியம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதலில் பலகை, அதன்மேல் துணி ஒட்டுவார்கள், அதன்மேல் சுண்ணப் பூச்சு. பசையும் சுண்ணப்பொடியும் குழைத்த மக்கினால் நகைகளையும் தூண்களையும் மேடாக்குவார்கள். கற்களைப் பதித்து, மேடுகளின்மேல் தங்க இழைத்தாளை ஒட்டுவார்கள். வண்ணம் அப்புறம்தான். கலப்பு ஊடகம் என்ற சொல் இங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த கலப்பு ஊடகம் இது. ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வீடுகளுக்கு வந்தபோது, அச்சில் இருந்த லட்சுமிக்கு ஜரிகைத் துணி வெட்டிப் புடவை கட்டி, சமிக்கி ஒட்டி அலங்கரித்தார்கள். ராஜஸ்தானின் நாத்வாராவில், ஸ்ரீநாத்ஜி முன்னால் கைகூப்பி நிற்கும் பக்தரின் உடலைத் தூரிகையால் வரைந்துவிட்டு, முகத்துக்கு மட்டும் அவருடைய போட்டோவை வெட்டி ஒட்டினார்கள்.

இரண்டும் பசைதான். ஆனால் பசை செய்கிற வேலை வேறு. பாரிஸில் ஒட்டியவர் ‘நீ பார்ப்பதை நம்பாதே’ என்கிறார். ஜரிகை ஒட்டிய பெண் ‘இது போதாது, இன்னும் கொஞ்சம் சாத்துகிறேன்’ என்கிறாள். ஒன்று சந்தேகத்தின் பசை, இன்னொன்று படையலின் பசை. இன்று ‘ஆன்மிக’ கொலாஜ் செய்கிற ஓவியர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார். அவர் எதையாவது சந்தேகிக்க வேண்டும், இல்லையென்றால் எதையாவது படைக்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் செய்தால் இன்னும் நல்லது. வரவேற்பறைப் படத்தில் இரண்டுமே இல்லை. அதில் சந்தேகமும் கிடையாது, பக்தியும் கிடையாது. சுவரின் நிறத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

3

அந்த விடுதியிலிருந்து கொஞ்சதூரம் இறங்கினால் தோட்டத்து லைன் வீடுகள். அங்கே ஒரு சாமி மாடத்தில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மளிகைக்கடைப் பெயர் போட்ட காலண்டரிலிருந்து வெட்டி எடுத்த முருகன். வேளாங்கண்ணி மாதா. குங்குமம் வைத்த தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. திருநீற்றுப் பொட்டலம். படத்துக்குப் பின்னால் செருகி வைத்த ரேஷன் கார்டு. பிளாஸ்டிக் மாலை, மினுக்கும் சீரியல் பல்பு. இதில் எதையும் மாற்ற முடியாது. தாத்தா போட்டோவுக்குப் பதிலாக வேறொரு தாத்தாவை வைக்க முடியாது. கார்டு அங்கே இருப்பதற்குக் காரணம், வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான்.

இந்தச் சுவரை ‘கலை’ என்று சொல்லிக் கும்பிடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் ஒரு சுற்றுலாப் பார்வைதான். ‘ஆன்மிகமும் சமகால வாழ்வும்’ என்று சீட்டில் எழுதுகிறார்களே, அதில் வருகிற ‘உம்’தான் எனக்கு இடிக்கிறது. இந்த வீட்டில் அவை சந்தித்துக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களே இல்லை. குன்னூரின் பேர்போன கோயில் அம்மனின் பெயர் தந்தி மாரியம்மன். பெயர்க்காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தந்தி என்ற சொல்லும் மாரி என்ற சொல்லும் ஒட்டி நிற்பதில் ஊர்க்காரர் யாருக்கும் உறுத்தல் இல்லை.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியதுதான் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். இந்த மலையில் குடியேறியவர்களின் பழைய ஊரில், தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே ஒரு சாமி உண்டு, ரோதமுனி. கவ்வாத்து வெட்டும் பருவத்துக்குக் கவ்வாத்துச் சாமி. இயந்திரம் கையை இழுத்துவிடக் கூடாதே, கத்தி காலில் பட்டுவிடக் கூடாதே என்ற பயத்திலிருந்து வந்த சாமிகள் என்று இவற்றை வாசிக்கலாம். கம்ப்யூட்டர் பலகையைப் பிள்ளையார் காதுக்குப் பக்கத்தில் ஒட்டியவருக்கு அந்தப் பலகையின்மேல் எந்தப் பயமும் இல்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

4

இந்த இடத்தில் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1911-ல், இந்த மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். 1963-ல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்து மாதிரியான கிறுக்கல்கள், சின்னச் சின்ன உருவங்கள் எல்லாம் ஒரு பழைய சுவடியைப் போலப் பரவிக் கிடக்கும். வரைந்தவைதான், ஆனாலும் ஒட்டியவை மாதிரி நிற்கும்.

அந்த எழுத்துகளையும் படிக்க முடியாது. அப்படியானால் வரவேற்பறைச் செய்தித்தாளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஜாதகக் கட்டம் என்பது ஒருவரின் கல்யாணத்தை நிறுத்தக்கூடிய தாள். நம் வீடுகளில் அதற்கு அவ்வளவு அதிகாரம். பணிக்கர் அந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அதிகாரத்தை மட்டும் வடித்துவிடுகிறார். பலன் சொல்லாத ஜாதகம் நம் முன்னால் கிடக்கிறது. பயமுறுத்திக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று வெறும் அழகாகிறது, அந்த அழகு கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. படிக்க முடியாமை அங்கே ஒரு நிகழ்ச்சி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்தைப் படிக்காமலே பார்க்கலாம் என்று பணிக்கர் திறந்த வாசல் வழியாகத்தான் எழுத்தை அலங்காரமாக்கிய கூட்டமும் உள்ளே வந்தது. அவருக்குப் பிறகு எத்தனை கேன்வாஸ்களில் ஓலைச்சுவடியும் ஓங்காரமும் யந்திரக் கட்டமும் ‘இந்தியத்தன்மை’க்கு முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கின்றன! அவர் இழந்து காட்டிய அர்த்தத்தை, பின்னால் வந்த பலர் இழக்காமலேயே தொலைத்துவிட்டார்கள். தவறு அவருடையது இல்லை. ஆனால் ஒரு பெரிய ஓவியரை மதிப்பது என்றால், அவர் எதைச் சுலபமாக்கிவிட்டுப் போனார் என்பதையும் பார்க்க வேண்டும்.

5

இன்று இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து நேர்மையான பதில்களில் ஒன்று கடல் தாண்டி, இன்னொரு தேயிலை மலையிலிருந்து வருகிறது. ஹனுஷா சோமசுந்தரம் இலங்கை மலையகத் தோட்டச் சூழலிலிருந்து வந்த ஓவியர். பயன்படுத்திய தேயிலைப் பைகள், தேநீர்க் கறை, வடிகட்டி ஆகியவைதான் அவருடைய பொருட்கள். அவற்றின்மேல்தான் தோட்டத்து உடல்களும் வாழ்க்கையும் வருகின்றன. நம் சோதனையை இங்கே வைத்துப் பாருங்கள். தேயிலைப் பைக்குப் பதிலாகக் காப்பி வடிகட்டும் தாளை ஒட்டினால் படமே செத்துவிடும். கொழுந்து பறித்தவரின் கையிலிருந்து போய், யாரோ குடித்து முடித்துத் தூக்கிப்போட்ட பிறகு, அதே மக்களில் ஒருவரின் கைக்குத் திரும்பிவந்திருக்கிற காகிதம் அது.

இங்கே சாமி இல்லையே, ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். கழித்துப்போட்ட ஒன்றை எடுத்து, உலர்த்தி, பிரித்து, அதன் கறையைக் கவனித்துப் பார்க்கிற பொறுமைக்கு வேறு என்ன பெயர்?

இருந்தாலும் இந்தச் சோதனையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பொருளுக்கு ஒரு சோகமான வரலாறு இருந்தால் போதும், படம் தானாகத் தேறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியானால் நாளைக்கு வரவேற்பறைக்காரரும் புத்தர் முகத்தைச் சுற்றி நான்கு தேயிலைப் பைகளை ஒட்டுவார். அதற்கும் ஒரு சீட்டு எழுதுவார்.

வினோத் பிஹாரி முகர்ஜி இந்த ஓட்டையை அடைக்க உதவுகிறார். சாந்திநிகேதனில் இடைக்காலத் துறவிகளின் பெரும் சுவரோவியத்தை 1947-ல் முடித்தவர். 1957-ல், அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுதாகப் போனது. அதன்பின் அவர் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டத் தொடங்கினார். அவரைப் பற்றித்தான் சத்யஜித் ராய் 1972-ல் ‘தி இன்னர் ஐ’ என்ற படத்தை எடுத்தார். அந்தத் தாள்களுக்கு எந்த வரலாறும் கிடையாது. கடையில் வாங்கும் சாதாரண வண்ணத்தாள். ஆனால் ஒவ்வொரு விளிம்பும், கண் இல்லாத ஒருவர் விரலால் தடவித் தெரிந்துகொண்ட விளிம்பு. தாளை மாற்றலாம், அந்த வெட்டை மாற்ற முடியாது.

ஆக, கேள்வி இரண்டு. ஒட்டியது எது என்பது ஒன்று, ஒட்டிய கை எது என்பது மற்றொன்று. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர்களின் ஓவியத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். வேங்கை மரப் பிசினும் இலைச்சாறும் அதே காட்டிலிருந்து வருகின்றன. வரையும் கை, தலைமுறையாகத் தன் சடங்குக்காக வரைந்த கை. அங்கே வரையப்படுவது தேனெடுப்பும் விழாவும் அன்றாட வேலையும். அவர்களுடைய ஆன்மிகமும் அவர்களுடைய சமகாலமும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன.

எல்லா ஓவியரும் குறும்பராகவோ லைன் வீட்டுப் பிள்ளையாகவோ பிறக்க முடியாது. பிறக்கவும் வேண்டாம். விடுதிக்கு வந்து தங்குபவருக்கும் ஒரு சமகாலம் உண்டு, ஒரு பயமும் உண்டு. பாதி ராத்திரியில் போனைத் தடவிக்கொண்டிருக்கிற கை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கோயில் வரிசையில் நிற்கிற கை. அந்த ரிப்போர்ட்டை எந்த ஓவியராவது ஒட்டினால் நான் நின்று பார்ப்பேன். கம்ப்யூட்டர் பலகையையே ஒட்டட்டும், தவறில்லை. அது யாருடைய கம்ப்யூட்டர், யாருடைய வேலை அதோடு போனது என்பது மட்டும் படத்தில் எங்கேயாவது தெரிய வேண்டும்.

அடுத்த தடவை அப்படி ஒரு படத்துக்கு முன்னால் நின்றால், சாமியை விட்டுவிடுங்கள். கிட்டே போய் அந்தச் செய்தித்தாளைப் படிக்க முயற்சி பண்ணுங்கள். என்ன தேதி, என்ன செய்தி என்று பாருங்கள். ஓவியர் அதைப் படித்திருக்கிறாரா இல்லையா என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.