'விட்டுப் போனால்': முர்காய் தீர்ப்பை முழுசாகப் படித்தால்

வேலையை விட்டபின் போட்டி கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஷரத்து செல்லாது என்பதற்கு எல்லோரும் காட்டுவது 1980 முர்காய் தீர்ப்பைத்தான். படிச்சுப் பார்த்தா கதை வேற. மூன்று நீதிபதிகளில் இருவர், 'விட்டுப் போனால்' என்றால் தானாகப் போவது. முர்காயை நீக்கியது கம்பெனி. ஆகவே ஷரத்து பொருந்தாது என்று முடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-படி ஷரத்தே செல்லாது என்றவர் ஏ.பி. சென் மட்டும்தான். மற்ற இருவரும் முக்கியமான கேள்வியிலிருந்து நழுவிவிட்டார்கள் என்பதே என் விமர்சனம்.

2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது: ஒப்பந்தம் முடிந்தபின் தடை செல்லாது. தளவாய்புரத்திலிருந்து ஐடிக்குப் போன பிள்ளைகள் முர்காயை விட்டு இதைக் காட்டலாம். பாண்ட் பணம் மட்டும் தனிக்கதை: 2025 விஜயா வங்கி வழக்கில் ரூ.2 லட்சம் கட்டத்தான் வேண்டும் என்றாகிவிட்டது.