மின்சாரம் வேண்டாம் என்றால் போதுமா?

மின்கம்பி எட்டாத தோட்டத்து வீட்டிற்குக் கடினநீரை மென்னீராக்கும் கருவி வாங்க நினைக்கிறீர்களா? விற்பவர் நீட்டும் விளம்பரத்தாளில் ‘மின்சாரம் தேவையில்லை’ என்பதே பெரிய எழுத்தில் இருக்கும். சூரிய மின்பலகையை நம்பி வாழ்பவருக்கு இதைவிட இனிய சொல் ஏது? ஆனால் இந்த ஒரு வரியை நம்பிக் கருவியைத் தேர்ந்தெடுப்பது சரியன்று.

குழாயின்மேல் காந்தத்தைப் பொருத்தும் கருவிக்கு மின்சாரமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். உண்மைதான். நீரைக் கடினமாக்குபவை அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புக்கள். காந்தம் அவற்றை நீரிலிருந்து நீக்குவதே இல்லை. குழாயில் படியும் சுண்ணப் படிவின் தன்மையாவது மாறும் என்று வாதிப்போர் உண்டு. சோதனை முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். கருவிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரைச் சம அளவில் இரு சீசாக்களில் ஊற்றி, குளியல் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். (சலவைத்தூள் கூடாது, அது கடினநீரிலும் நுரைக்கும்.) நுரை நிலைத்து நிற்க இரண்டிற்கும் ஒரே எண்ணிக்கைச் சொட்டுகள் தேவைப்பட்டால் நீர் மென்மையாகவில்லை என்று பொருள்.

அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய கலமோ நீரை மெய்யாகவே மென்மையாக்குகிறது. பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. சோடியம் தீர்ந்ததும் உப்புக்கரைசலால் பிசினைப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்யும் வால்வுக்குச் சில வாட் மின்சாரமே போதும். நீரின் விசையாலேயே இயங்குபவையும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றிற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராமுக்கு மேற்பட்ட நீரழுத்தம் வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அந்த 1 கிலோகிராமே கிடைக்கும். உங்கள் தொட்டியோ 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது! அழுத்தத்திற்காகப் பம்பு வைத்தால், வாசலில் வழியனுப்பிய மின்சாரம் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது.

அடுத்தது உப்பு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள கிணற்று நீரை முழுவதும் மென்மையாக்கினால், லிட்டருக்குச் சுமார் 184 மில்லிகிராம் சோடியம் சேரும். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொன்னவர்களுக்கு இது குடிநீராகாது. சாக்கடை இல்லாத தோட்டத்தில் குளித்த நீர் வாழைக்குத்தானே பாயும்? அங்கே பிசினில் நடந்தது தலைகீழாக நடக்கிறது: சோடியம் களிமண்ணில் புகுந்து கால்சியத்தை வெளியேற்றுகிறது. மண் இறுகி, நீரை உள்ளே விட மறுக்கிறது. பிசினைக் கழுவிய உப்புநீர் இதைவிடக் கொடியது. விளம்பரத்தாள் இதைப்பற்றி மூச்சு விடுவதில்லை.

ஆகவே வெந்நீர்க் கலனுக்கும் துணி துவைக்கவும் மட்டும், கையால் உப்பிட்டுப் புதுப்பிக்கும் சிறு கலத்தை வாங்குங்கள். 10 லிட்டர் பிசின் மேற்சொன்ன நீரில் ஏறத்தாழ 1,250 லிட்டரை மென்மையாக்கும். பிறகு ஒன்றரைக் கிலோ உப்பு வேண்டும்.

அதற்கும் முன் கூரையைப் பாருங்கள். மழைநீர் இயற்கையிலேயே மென்னீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழுகிறது. அதைச் சேர்க்கும் தொட்டியின் விலையையும் கருவியின் விலையையும் அருகருகே எழுதிப் பார்த்த பிறகு கடைக்குச் செல்லுங்கள்.