காயத்துக்கு 650 சொற்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு ஆகஸ்ட் பிறந்தாலே ஒரு கவலை பிடித்துக்கொள்கிறது: கல்லூரி விண்ணப்பக் கட்டுரை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் ‘காமன் ஆப்’ பொது விண்ணப்பத்தில் அதற்கு அதிகபட்சம் 650 சொற்கள். ஏழு தலைப்புகளில் ஒன்று, எதிர்கொண்ட இடரையோ தோல்வியையோ எழுதச் சொல்கிறது. எதை எழுதுவது என்று தவிக்கும் பிள்ளையிடம், “நீ பட்ட பெரிய கஷ்டத்தை எழுது” என்று யோசனை சொல்லும் பெரியவர்கள் அங்கே ஏராளம். அப்பாவின் சாவும் வீட்டில் விழுந்த அடியும் இப்படித்தான் விண்ணப்பத்துக்குள் வருகின்றன.

இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் ஏன் சரிந்தது என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அந்த ஆண்டு முழுவதும் நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண் படித்தாள் என்பது, அவள் எழுதினால்தான் தெரியும். 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், இனத்தைக் கணக்கிலெடுக்கும் சேர்க்கை முறை செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஆனால் இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதினால் அதைப் பரிசீலிக்கத் தடையில்லை என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் குறிப்பிட்டார். அதன்பின் கட்டுரையின் கனம் கூடிவிட்டது.

கோளாறும் அங்கேதான். துயரத்துக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்துவிட்டால், அதைத் தயாரித்துக் கொடுக்கவும் ஆள் வந்துவிடும். லூசியானாவின் டி.எம். லாண்ட்ரி பள்ளி மாணவர்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துத் துள்ளிக் குதித்த காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த விண்ணப்பங்களில் மதிப்பெண் பட்டியல்கள் திருத்தப்பட்டிருந்ததையும், கறுப்பினப் பிள்ளைகளின் வறுமைக் கதைகள் ஊதிப் பெருக்கப்பட்டிருந்ததையும் 2018 நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொணர்ந்தது. கறுப்பினப் பிள்ளை என்றால் இப்படித்தான் வாழ்ந்திருக்கும் என்று படிப்பவர்கள் நம்பத் தயாராக இருந்ததால்தான் அந்தக் கதைகள் எடுபட்டன.

உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கும் சங்கடம் குறைவில்லை. கட்டுரை மீட்சியில் முடிய வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இன்னும் ஆறாத காயத்தை, ஆறிவிட்டதாகப் பதினேழு வயதில் எழுத வேண்டியிருக்கிறது. படிப்பவரோ முன்பின் அறியாதவர். அவர் மேசையில் இன்னும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் காத்திருக்கின்றன. இடம் கிடைக்காவிட்டால், ‘என் துயரம் போதவில்லையா?’ என்ற கேள்வியோடு அந்தப் பிள்ளை தனியே நிற்கிறது.

இத்தகைய கட்டுரை ஏழைக்குக் கை கொடுக்கிறது என்ற வாதமும் அவ்வளவு உறுதியானதல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த சுமார் 60,000 பேரின் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண்ணைவிடக் கட்டுரையின் உள்ளடக்கமே குடும்ப வருமானத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

இடர்ச் சூழலைச் சுருக்கமாகத் தெரிவிக்க, விரும்பினால் நிரப்பும் தனி இடம் ‘காமன் ஆப்’பிலேயே இருக்கிறது. நடந்ததை நாலு வரியில் அங்கே சொன்னால் போதும். கட்டுரையில் பிள்ளை சமையலைப் பற்றியோ பூச்சிகளைப் பற்றியோ எழுதட்டும். துயரத்தைத்தான் எழுதுவேன் என்று அதுவே முடிவெடுத்தால் யாரும் தடுக்க வேண்டாம். வழிகாட்டும் ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதச் சொல்வதற்கு முன், “இதை எழுத உனக்கு விருப்பமா?” என்று ஒருமுறை கேளுங்கள்.