ஆடு மேய்ந்த ஊர்கள்

ஓர் ஊர் எவ்வாறு பாழாகின்றது? போரால், வெள்ளத்தால், கொள்ளைநோயால் என்று நாம் எளிதில் விடை கூறிவிடுகின்றோம். 1954ஆம் ஆண்டில் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு வெளியிட்ட ‘இங்கிலாந்தின் மறைந்த கிராமங்கள்’ அவ்விடையை அசைத்த நூலாகும்.

1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயே அந்நாட்டுப் பாழூர்களுக்கெல்லாம் காரணம் என்பது நெடுநாள் நம்பிக்கை. பெரஸ்ஃபோர்டு வரிப் பதிவேடுகளை ஆராய்ந்து, நோய்க்குப் பின்னரும் அவ்வூர்களுட் பலவற்றில் மக்கள் வாழ்ந்து வரி செலுத்தியதைக் காட்டினார். ஏறத்தாழ 1450 முதல் 1520 வரை, கம்பளி வருவாயை நாடிய நிலக்கிழார்கள் உழவரை அகற்றி வயல்களை மேய்ச்சல் நிலமாக்கியதே பெருங்காரணம் என்பது அவர் முடிபு.

ஏட்டுச் சான்றோடு அவர் அமையவில்லை. யார்க்ஷயரிலுள்ள வாரம் பெர்சியில் 1950இல் அகழாய்வு தொடங்கிற்று. தொல்லியலறிஞர் ஜான் ஹர்ஸ்டும் விரைவில் இணைய, 1990 வரை கோடைதோறும் பணி நடந்தது. புல் மூடிய மேடுகள் வீட்டுமனைகளாயின; நீண்ட பள்ளங்கள் பழைய தெருக்களாயின. வரலாற்றேடுகளில் இடம்பெறாத ஏழை உழவனின் அடுப்பும் பானையோடும் வெளிப்பட்டன. நோய்க்குப் பின் ஏறத்தாழ 150 ஆண்டுகள் அங்கே மக்கள் வாழ்ந்தனர்; 1500ஐ ஒட்டியே ஊர் வெறுமையாயிற்று.

நூலின் குறையையும் நாம் சொல்லியாக வேண்டும். முற்றும் மறைந்த ஊர்களில் ஊன்றிய அளவுக்கு, பாதியாய்ச் சுருங்கிய ஊர்களில் ஆசிரியர் நோக்குச் செல்லவில்லை. கிறிஸ்டோபர் டையர் போன்ற பின்வந்த ஆய்வாளர்கள், பல ஊர்கள் தலைமுறை தலைமுறையாக மெலிந்தன என்றும், நல்ல நிலமும் கூலியும் தேடி மக்களே வெளியேறினர் என்றும், ஆடுகள் வந்தது பெரும்பாலும் அதன் பின்னரே என்றும் விளக்கினர். இத்திருத்தம் ஏற்கத்தக்கதே.

ஆனால், இதனால் நிலக்கிழார் குற்றமற்றவராகிவிடுவாரா? நாற்பது குடிகள் நான்காய்க் குறைந்த பின் அந்நால்வரை அகற்றினாலும் அது அநீதியே. எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக உரிமை குறைந்துவிடாது.

அதே கொள்ளைநோயில் தூனிஸ் நகரில் பெற்றோரை இழந்தவர் அறிஞர் இப்னு கல்தூன். எனினும் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், நோயின் அழிவைக் கூறியதோடு நில்லாமல், அநீதியும் நாகரிகத்தைப் பாழாக்கும் என்பதற்குத் தனி இயலே வகுத்தார். பெரஸ்ஃபோர்டின் நூலை அவ்வியலோடு சேர்த்துப் படிக்குமாறு நம் வாசகர்களை வேண்டுகின்றோம். பாழூரைக் காணும்போது விதியை மட்டும் நினைந்து பெருமூச்சு விடாமல், அங்கிருந்தோர் யாரால், எதற்காகப் போயினர் என்று கேட்கும் பழக்கம் அதனால் நமக்கு உண்டாகும்.